கம்பைக் கொண்டாடியது போதும், வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பக்கத்து நகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த சிறுதானிய உணவுத் திருவிழாவைப் பற்றிச் சென்ற மாதம் தங்கள் நாளிதழில் படத்துடன் செய்தி வந்திருந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசைகளில் கம்புப் பணியாரம், தினை லட்டு, சோளத் தோசை என்று வரிசையாக வைத்திருந்தார்கள். அந்தப் படத்தின் இடது ஓரத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பவள் நான்தான். படம் எடுத்து முடித்த பிறகு மண்டபத்தின் பின்கட்டுக்குப் போனேன். காலிச் சாக்குகள் மடித்துக் கிடந்தன. ஒன்றை விரித்துப் பார்த்தேன். இந்தியில் அச்சடித்திருந்தது. எனக்கு இந்தி தெரியாது. சமையல்காரர் படித்துச் சொன்னார்: கம்பு ராஜஸ்தானிலிருந்து வந்திருக்கிறது.

இந்தியாவிலேயே மிகுதியாகக் கம்பு விளைவது அங்கேதான். அவர்கள் விற்பதில் குற்றமில்லை. ஆனால் அதே நாளில், அந்த மண்டபத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவில், வெள்ளக்கோவிலை ஒட்டிய எங்கள் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், 11 மூட்டைக் கம்பு கேட்பாரற்றுக் கிடந்தது. இன்றும் கிடக்கிறது. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது அந்தச் சாக்குதான். கடிதம் நீண்டுவிடும் என்று தெரியும். வெட்டுவதாக இருந்தால் என் சொந்தக் கதையை வெட்டுங்கள், கோரிக்கையை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் 33 ஆண்டுகள் ஒரு கிராமப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து 2023இல் ஓய்வு பெற்றவள். பிள்ளைகளுக்கு நான் 'சத்துணவு டீச்சர்'. வீட்டில் நான்கு ஏக்கர் மானாவாரிக் காடு இருக்கிறது. அதில் ஒன்றரை ஏக்கர், கிளுவை வேலி போட்டுக் கொழுக்கட்டைப்புல் வளரும் கொரங்காடு. இரண்டு காங்கேயம் பசுக்களும் எட்டு ஆடுகளும் மேய்வதற்கு அது. மீதி இரண்டரை ஏக்கரில் சென்ற ஆடிப்பட்டத்தில் கம்பு விதைத்தோம். மழை ஏமாற்றவில்லை. மூட்டைக்கு எண்பது கிலோ வீதம் 14 மூட்டை விளைந்தது. வீட்டுக்கும் விதைக்கும் இரண்டு மூட்டை எடுத்து வைத்தேன். இன்னொரு மூட்டை எங்கே போனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கிலோவுக்கு 21 ரூபாய் தருவதாக ஒரு வியாபாரி சொன்னார். 2025-26 பருவத்துக்குக் கம்புக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டால் 2,775 ரூபாய், அதாவது கிலோ 27 ரூபாய் 75 காசு. என்னுடைய 1,120 கிலோவுக்கும் கணக்குப் பார்த்தால் இரண்டுக்கும் இடையில் 7,560 ரூபாய் வித்தியாசம். உழவு, விதை, களையெடுப்பு, கதிர் கொய்த கூலி எல்லாம் போனால் கையில் நிற்கும் லாபமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆதரவு விலை என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் அந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் நிலையம் எங்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை. விலை தாளில் இருக்கிறது, தராசு எங்கேயும் இல்லை.

இதைப் படிக்கும் சிலர், 'இலவச அரிசி கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள், அதனால்தான் கம்பு அழிந்தது' என்பார்கள். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் வீட்டுக்கு அரிசி வந்தபோது முதலில் மகிழ்ந்தவர் என் அம்மாதான். நான் சிறுமியாக இருந்தபோது நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளிக்கும் மட்டும்தான். மற்ற நாட்களில் கம்பஞ்சோறு அல்லது சோளச்சோறு. அதைச் சமைப்பது என்ன பாடு என்பது மேசையில் பணியாரம் வைத்தவர்களுக்குத் தெரியாது. கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் இட்டு உலக்கையால் குத்த வேண்டும். தவிடு உரிந்ததும் முறத்தில் புடைக்க வேண்டும். மறுபடியும் குத்தினால்தான் நொய்யும் மாவுமாகப் பிரியும். உலை கொதித்ததும் முதலில் நொய்யைப் போட்டு, அது வெந்த பிறகு மாவைக் கரைத்து ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு உலக்கைச் சத்தம் கேட்டால்தான் ஆறு மணிக்கு உழப் போகிறவர்களுக்குச் சோறு. அம்மாவின் இரண்டு உள்ளங்கையிலும் உலக்கை பிடித்த காய்ப்பு கடைசிவரை மறையவில்லை. களத்தில் கம்பு தட்டினால் சுணை கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு இரவெல்லாம் அரிக்கும். அரிசி அந்தப் பாட்டிலிருந்து அவரை விடுவித்தது. 2011 முதல் நம் மாநிலத்தில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பஞ்சம் என்ற சொல்லே எங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆகவே அரிசியை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. அரிசிக்குப் பக்கத்தில் கம்புக்கும் ஓர் இடம் கேட்கிறேன்.

கம்பு எங்கள் காட்டை விட்டுப் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது மக்காச்சோளம். நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் வேண்டும். மக்காச்சோளம் விதைத்தால் வியாபாரி காட்டுக்கே வந்து முன்கூட்டி விலை பேசுகிறார். அறுவடைக்கு மிஷின் வருகிறது, ஒரு மணி நேரத்தில் மணி வேறு சக்கை வேறாகக் கொட்டுகிறது. சாயங்காலம் பணம். மானாவாரியிலேயே கம்பைப் போல இரண்டு மடங்கு விளைகிறது. 2018இல் படைப்புழு வந்து குருத்தைத் தின்று தீர்த்தபோதுகூட யாரும் கம்புக்குத் திரும்பவில்லை, மருந்துக்கடைக்குத்தான் போனார்கள். விவசாயிக்குப் புத்தி இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மக்காச்சோளத்தைத் தேடி வண்டி வருகிறது, கம்பைத் தேடி வருவதில்லை. சோளத்தின் கதி இன்னும் மோசம். கொங்கு நாட்டில் இன்று சோளம் விதைப்பவர்களில் பெரும்பாலோர் மாட்டுத் தீவனத் தட்டைக்காகவே விதைக்கிறார்கள், கதிர் முற்றும் முன்பே அறுத்துவிடுகிறார்கள்.

நாமக்கல்லைச் சொன்னதும் எனக்கு முட்டை நினைவுக்கு வருகிறது. நான் 1990இல் வேலைக்குச் சேர்ந்தபோது சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது முந்தைய ஆண்டு தொடங்கியது. பிறகு வாரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடி, 2010 முதல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை. இது குழந்தைகளுக்கு எவ்வளவு நல்லது என்பதை நான் கண்ணால் பார்த்தவள். முட்டைக்கு மறு முட்டை கேட்கும் பிள்ளையை மறுப்பதுதான் என் வேலையிலேயே கடினமான பகுதி. நாமக்கல் வளர்ந்தது சத்துணவால் மட்டும் அல்ல. ஆனாலும் மாதம் தவறாமல் வாங்கும் ஒரு கை அரசாங்கத்திடம் இருந்தது என்பது பண்ணைக்காரர்களுக்குத் தெரியும். அந்தக் கைதான் எங்கள் கம்புக்கும் வேண்டும்.

முடியாத காரியமும் இல்லை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ரேஷனில் கொடுக்க வேண்டியவற்றில் அரிசி, கோதுமையோடு கம்பு, சோளம், கேழ்வரகு வகையையும் சேர்த்தே சொல்கிறது. அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், இவை 1 ரூபாய் என்று அன்றைக்கே அட்டவணை போட்டிருந்தார்கள். நம் மாநில அரசு 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேழ்வரகை விவசாயிகளிடமே நேரடியாகக் கொள்முதல் செய்தார்கள். நல்ல ஏற்பாடு. கேழ்வரகு அவர்கள் பக்கத்துப் பயிர். ஆண்டுக்கு அறுநூறு மில்லிமீட்டரைச் சுற்றியே மழை பெய்யும் காங்கேயம், வெள்ளக்கோவில், மூலனூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்குக் கம்பும் சோளமும் கொள்ளும்தான் சொந்தப் பயிர். அதே ஏற்பாட்டை இங்கே கம்புக்குச் செய்யுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன், சத்துணவுக் கணக்கு எழுதிப் பழகிய கை. எங்கள் ரேஷன் கடையில் 800 அட்டைகள். அட்டைக்கு மாதம் 2 கிலோ என்றால் 1,600 கிலோ, ஆண்டுக்கு 19,200 கிலோ. ஏக்கருக்கு 450 கிலோ விளைச்சல் என்று வைத்துக்கொண்டால் இந்த ஒரு கடைக்கே 43 ஏக்கர்க் கம்பு வேண்டும். விருப்பப்பட்ட பாதிப் பேர் மட்டும் வாங்கினாலும் 21 ஏக்கர். பள்ளிக் காலை உணவுக்கும் ஒரு கணக்குப் போட்டேன். 60 பிள்ளைகள், ஆளுக்கு 50 கிராம், வாரம் இரண்டு நாள், நாற்பது வாரம்: மொத்தம் 240 கிலோ. ஏறக்குறைய அரை ஏக்கர் போதும். ஆகவே பள்ளியில் போட்டால் பிள்ளைகள் சுவைக்குப் பழகுவார்கள், காட்டை நிரப்பப் போவது ரேஷன் கடைதான். காலை உணவுத் திட்டத்தில் உள்ளூரில் விளையும் சிறுதானியங்களைச் சமைக்க அரசாணையிலேயே இடம் இருக்கிறது. ஆனாலும் அடுப்படிக்கு ரவையும் சேமியாவும் வந்து இறங்கினால் சமைக்கும் பெண்கள் அதைத்தானே சமைக்க முடியும்? திருப்பூர் மாவட்டத்தில் எந்தக் காட்டில் கோதுமை விளைகிறது?

ரேஷன் பாமாயிலைப் பற்றியும் எழுத வாய் வருகிறது. காங்கேயத்தைச் சுற்றி எங்கு திரும்பினாலும் தேங்காய் உலர்த்தும் களமும் எண்ணெய் ஆலையுமாக இருக்க, எங்கள் கடையில் 2007 முதல் கடல் கடந்து வரும் பாமாயில்தான். தென்னை விவசாயிகள் அதற்காகத் தனியாகப் போராடுகிறார்கள். அவர்கள் எழுதட்டும், நான் கம்போடு நிற்கிறேன்.

ஓய்வு பெறுவதற்குச் சில காலம் முன்பு பள்ளிக்குச் செறிவூட்டப்பட்ட அரிசி வரத் தொடங்கியது. நூறு அரிசிக்கு ஓர் அரிசி வீதம், இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் பி12உம் சேர்த்து ஆலையில் செய்த அரிசிமணியைக் கலந்திருப்பார்கள். ஒரு தாய் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து என் மேசையில் கொட்டினார். பதினேழு மணிகள், கொஞ்சம் மஞ்சளாக, எல்லாம் ஒரே அளவாக. 'டீச்சர், பிள்ளைகளுக்கு பிளாஸ்டிக் அரிசி போடுகிறீர்களே' என்று அழாத குறை. அதை என் வாயில் போட்டு மென்று காட்டி, பிளாஸ்டிக் இல்லை, சத்து சேர்த்த அரிசி என்று சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு எனக்கே ஒரு நினைப்பு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அந்தக் கவலையில்தான் அரிசிக்குள் இரும்பைச் சேர்த்தார்கள். தீட்டிய அரிசி 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதெல்லாம் அப்படியே உடம்பில் ஒட்டாது என்று ஒரு மருத்துவர் எனக்குச் சொன்னார், சரிதான். ஊறவைத்தும் புளிக்கவைத்தும் உண்டால் கூடுதலாகச் சேரும் என்றும் அவரே சொன்னார். எங்கள் வீடுகளில் கம்பஞ்சோற்றை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு மறுநாள் மோர் விட்டுக் கரைத்துக் குடித்தது அதனால்தானோ என்னவோ. இரும்பு எங்கள் சாளையில் மூட்டையாகக் கிடக்கிறது, அதை ஆலையில் செய்து லாரியில் அனுப்பினார்கள்.

இனி அந்தப் பதினான்காவது மூட்டையின் கதை. நாங்கள் பதினொரு பெண்கள் சேர்ந்து சென்ற இரண்டு ஆண்டுகளாக இந்தக் கோரிக்கையை எடுத்துக்கொண்டு அலைகிறோம். 'பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள்' என்பதுதான் எங்கே போனாலும் முதல் பதில். சரி, செய்து பார்த்துவிடலாம் என்று கோடை விடுமுறையில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் காலையில் அடுப்பு மூட்டினோம். முதல் வாரம் கம்பஞ்சோறும் மோரும். ஏறக்குறைய அறுபது பிள்ளைகள் வந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தட்டை முகர்ந்துவிட்டு, 'டீச்சர், இது புறாவுக்குப் போடுவதுதானே?' என்று கேட்டான். பாதிக்கு மேல் தெரு நாய்களுக்குப் போயிற்று. எங்களில் மூத்தவர், எழுபது வயதுக்காரர், 'எங்கள் காலத்தில் இதற்கு அடித்துக்கொண்டோமே அம்மணி' என்று தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் வாரம் முறையை மாற்றினோம். கம்பை முதல்நாள் இரவே ஊறவைத்து நிழலில் உலர்த்தி, மாவு மில்லில் ரவைப் பதத்துக்கு உடைத்துக்கொண்டு வந்தோம். அதில் சரிபாதி அரிசி நொய், பாசிப்பருப்பு, கேரட், நிறையச் சின்ன வெங்காயம், கடலை எண்ணெய், கடைசியில் கொத்தமல்லித் தழை. கிச்சடி என்றோம், கம்பு என்று சொல்லவே இல்லை. தட்டு காலியாயிற்று. மூன்றாம் வாரம் கம்பின் பங்கை முக்கால் ஆக்கினோம், அப்போதும் காலி. நான்காம் வாரம் அந்தப் புறாப் பையன் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் பெயரை இங்கே எழுதினால் பள்ளியில் கேலி செய்வார்கள், விட்டுவிடுகிறேன். ஆறு வாரத்தில் ஒரு மூட்டை தீர்ந்தது. முப்பது ஆண்டு சமையற்கூடம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், பிள்ளைகள் கம்பை மறுக்கவில்லை, சரியாகச் சமைக்காத கம்பைத்தான் மறுத்தார்கள்.

பெரியவர்களிடம் பட்ட பாடு வேறு. அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் கொண்டுபோனோம். எங்கள் ஊராட்சி எல்லைக்குள் கம்பு, சோளத்தை ஆதரவு விலைக்குக் கொள்முதல் செய்து எங்கள் ரேஷன் கடையிலேயே வழங்க வேண்டும், பள்ளிக் காலை உணவில் வாரம் இரண்டு நாள் சேர்க்க வேண்டும் என்று நான்கே வரி. பொருள் நிரலில் இல்லை என்று பதிவேட்டில் எழுத மறுத்தார்கள். கிராம சபையில் மக்கள் பேசுவதை எழுதுவதற்குத்தானே அந்தப் பதிவேடு என்று நாங்கள் எழுந்து நின்றோம். மத்தியானம் ஒன்றரை மணிவரை நின்றோம். கடைசியில் எழுதினார்கள், 'கம்பு' என்ற சொல்லை இரண்டு இடத்தில் விட்டுவிட்டு. திருத்த இன்னும் அரை மணி நேரம். அந்தத் தீர்மான நகலை வைத்துத் திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்தோம். மூன்று அலுவலகங்களிலிருந்து மூன்று பதில் வந்திருக்கிறது. ரேஷனை நடத்துகிறவர்கள், கொள்முதல் தங்கள் பொறுப்பில்லை, வேளாண்மைத் துறையைக் கேளுங்கள் என்கிறார்கள். வேளாண்மை அலுவலகம், விதை மானியம் வேண்டுமானால் தருகிறோம், வாங்குவது எங்கள் வேலையல்ல என்கிறது. பள்ளி உணவைப் பார்க்கிறவர்கள், பொருள் மேலிடத்திலிருந்து வருகிறது என்கிறார்கள். மூன்றையும் ஒரே கோப்பில் குத்தி வைத்திருக்கிறேன். மேலிடம் எங்கே இருக்கிறது என்று மட்டும் யாராவது சொன்னால் பஸ் டிக்கெட் நாங்களே எடுத்துக்கொள்வோம்.

என் தகப்பனார் 1972இல் மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு கோயமுத்தூருக்குப் போனவர். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் வண்டிகள் நகரத்துச் சாலைகளை அடைத்து நின்ற அந்தப் போராட்டத்துக்குத்தான். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1970 ஜூன் 19இல், மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் கூடிய விவசாயிகளில் மூவர் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள். யூனிட்டுக்குச் சில காசுகள் பற்றிய சண்டை அது. இன்று விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்றால் அந்த வண்டிகள் போட்ட தடம்தான். ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கிணற்றில் தண்ணீர் இறைப்பதற்குப் போராடிய அளவுக்கு, தண்ணீர் கேட்காத பயிரை விற்பதற்கு நாம் போராடவில்லை. கரண்டு இலவசம், ஆழ்குழாய் ஆயிரம் அடி, அதன் பக்கத்தில் மழைத்தண்ணீரிலேயே விளைந்த கம்புக்கு விலை கேட்க ஆள் இல்லை. தகப்பனார் இருந்திருந்தால் என்னோடு சண்டை போடுவார், போடட்டும்.

அதிகாரிகள் படிக்கக்கூடும் என்பதால் மூன்று நடைமுறை விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். கம்பை மாவாக்கி ரேஷனில் கொடுக்க வேண்டாம். கம்பில் எண்ணெய்ச்சத்து கூடுதல். அரைத்த மாவு சில நாட்களிலேயே சிக்கு வாடை அடித்துக் கசந்துவிடும், வெயில் காலத்தில் ஒரு வாரம்கூடத் தாங்காது. பிறகு 'கம்பே கசப்பு' என்று மக்கள் முடிவு கட்டிவிடுவார்கள். முழுத் தானியமாகக் காயவைத்துக் கொடுத்தால் மாதக்கணக்கில் இருக்கும். தவிடு நீக்கி உடைக்கும் மிஷின் ஒன்றை ஒவ்வொரு தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கத்திலும் வைத்து, அதை மகளிர் குழுவிடம் விட்டால் போதும். என் அம்மாவின் காய்ப்பு இன்னொரு பெண்ணின் கையில் ஏற வேண்டாம். இது உள்ளூரிலேயே வாங்கி உள்ளூரிலேயே உடைத்து உள்ளூரிலேயே சாப்பிட வேண்டிய தானியம். ராஜஸ்தான் சாக்கு ஏன் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

அடுத்தது பறவை. மயிலையும் குருவியையும் குறை சொல்லி விவசாயிகள் கம்பை விட்டார்கள் என்பது உண்மை. மயில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள பாதுகாக்கப்பட்ட பறவை, அதைத் தொட முடியாது, தொடவும் வேண்டாம். ஆனால் கவனித்துப் பாருங்கள், சுற்றிலும் மக்காச்சோளமும் தென்னையும் இருக்க நடுவில் நான் மட்டும் இரண்டரை ஏக்கர் கம்பு போட்டால் சுற்றுவட்டாரத்துப் பறவை முழுவதும் என் காட்டில்தான் இறங்கும். கதிர் பால்பிடிக்கும் இருபது நாளும் நானும் என் கணவரும் தகரம் தட்டிக்கொண்டே இருந்தோம். அதே கம்பு நூறு ஏக்கரில் இருந்தால் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் போகும், பெரிதாகத் தெரியாது. தனியாளாகப் போட முடியாத பயிர் இது. பக்கத்துக் காட்டுக்காரரும் போட வேண்டும், அவர் போட வேண்டுமென்றால் வாங்க ஆள் இருக்கிறது என்ற உறுதி வேண்டும். விதை மானியத்தால் அந்த உறுதி வராது. கோவையில் 1923இலேயே சிறுதானிய இனப்பெருக்க நிலையம் தொடங்கிவிட்டார்கள். ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு கொண்டாடியது அதற்கு நூறு ஆண்டு கழித்து. நல்ல விதைக்கு எங்களுக்குக் குறைவே இல்லை.

மூன்றாவது, நாள். கொள்முதல் அறிவிப்பு அறுவடையின்போது வந்தால் பயனில்லை. எந்த ஊரில் நிலையம், என்ன விலை, எத்தனை நாளில் பணம் என்பதெல்லாம் விதைப்புக்கு முன்பே தெரிய வேண்டும். எங்கள் ஆறு ஊர்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். ஆதரவு விலைக்கு வாங்குவார்கள் என்று எழுத்தில் வந்தால் 70 ஏக்கருக்குக் கம்பும் சோளமும் போடத் தயார் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியல் என்னிடம் இருக்கிறது, எந்த அலுவலகம் கேட்டாலும் நகல் தருகிறேன்.

ஆடி பிறக்க இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. மக்காச்சோள விதைக்காரர்கள் இந்த வாரமே எங்கள் ஊருக்கு வந்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் இருவர் நேற்று என்னிடம், 'ஆடிப் பதினெட்டு வரை பொறுத்துப் பார்க்கிறோம் அக்கா, அதற்குமேல் முடியாது' என்று சொல்லியிருக்கிறார்கள்.

தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
வெள்ளக்கோவில் சுற்றுவட்டாரம், திருப்பூர் மாவட்டம்